பின்னுக்குப் பார்த்த ஆசனம்

எண்ணெய் கலந்த பெற்றோல் எரிகிற மணம் வந்தால் என் கால் நின்றுவிடும். இங்கே லைப்சிக்கில் அது அடிக்கடி நடக்கிறது. கிழக்கு ஜேர்மனிக் காலத்துச் சின்னக் கார்களைப் பூசி மினுக்கி, சுற்றுலா வந்தவர்களை ஏற்றி ஊர் காட்டுகிறார்கள். படபடபடவென்று ஒரு வரிசை போகும். பின்னால் நீலப் புகை. நடைபாதையில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் நெஞ்சு நிறைய இழுப்பேன். பிறகு, ஏனென்று தெரியாமலே, ஒருதரம் திரும்பிப் பார்ப்பேன்.

பின்னால் ஒன்றும் இருக்காது. ஒரு சைக்கிள். ஒரு நாய். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவுகிற காற்று.

திரும்பிப் பார்ப்பது என் பழக்கமல்ல. நான் ஓடுகிறவள். அறை மாறி, வேலை மாறி, ஊர் மாறி, சூட்கேசின் சில்லுத் தேய ஓடினவள். திரும்பிப் பார்ப்பது அக்காவின் பழக்கம்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் அல்ல. ஹம்பேர்க்கில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நாங்கள் தமிழ்ப் பெண்கள் எல்லாரும் அக்கா, அக்கா என்று கூப்பிட, அதுதான் பேராக்கும் என்று ஜேர்மன்காரிகளும் 'ஃபிறாவ் அக்கா' என்றார்கள். அவள் திருத்தவில்லை. அதிகம் திருத்துகிற ஆளுமில்லை.

அங்கே ஒரு பெரிய சூட்டு உருளை இருந்தது. ஈரப் படுக்கை விரிப்பை ஒரு பக்கத்தால் கொடுத்தால், மறுபக்கத்தால் காய்ந்து, தட்டையாகி, ஆவி பறக்க வரும். நான் கொடுக்கிற பக்கம். அக்கா வருகிற பக்கம். அந்தப் பக்கம்தான் சூடு கூட. மேற்பார்வைக்காரன் இரக்கப்பட்டு முன்னுக்கு வரச்சொல்லி எத்தனையோ தரம் கேட்டான். அவள் அசையவில்லை.

"குடுக்கிறதை ஆரும் குடுக்கலாம் பிள்ளை. குடுத்ததெல்லாம் வெளியிலை வருகுதோ எண்டு ஒராள் பாக்கோணும்."

வேலை முடிந்து எஸ்-பானில் ஏறினால், ரயில் போகிற திசைக்கு முதுகு காட்டுகிற ஆசனம்தான் வேண்டும். முன்பார்க்கிற ஆசனங்கள் வெறுமையாய்க் கிடக்க, பின்பார்க்கிற ஆசனத்தில் இருக்கிற ஒருவனிடம் போய், தனக்குத் தெரிந்த நாலு ஜேர்மன் சொல்லில் மாறி இருக்கலாமோ என்று கேட்பாள். அவன் சந்தேகத்தோடு எழும்புவான். கதவு ஒன்றைத் தாண்டினால் அவளால் அதை விடமுடியாது. பின்னால் வருகிற ஆள் எவ்வளவு தூரத்தில் வந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாவம், ஹம்பேர்க்காரர். அந்தக் கதவுக்குள் வர நினைத்திராத கிழவர்கள்கூட வெட்கத்தில் ஓடிவந்து, மூச்சு வாங்க நன்றி சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். எங்கள் ஒருத்தியின் பிள்ளையின் பிறந்தநாளுக்கு எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எல்லாரும் கமராவைப் பார்க்கிறோம். மூன்றாவது வரிசையில் ஒரு கொண்டை மட்டும் தெரிகிறது. அது அக்கா.

அருகே நடந்தால் எனக்கு எரிச்சல் வரும். நாலடிக்கு ஒருதரம் திரும்புவாள். "ஆரக்கா வருகினம்?" என்று கேட்டால், "ஒருத்தருமில்லை, நீ நட" என்பாள். ஒருத்தருமில்லை என்பதை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று அந்த நாளில் எனக்கு விளங்கவில்லை.

இப்படி ஒருத்திக்கென்று, அவள் யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தையாய் இருந்த காலத்திலேயே, இங்கே ஒரு கார் செய்துவைத்திருந்தார்கள்.

அக்காவின் புருஷனை நாங்கள் அண்ணை என்போம். ஊரில் லொறிக் கராச்சில் நின்றவர். இங்கே, எல்பை ஆற்றோரத்து ஆப்பிள் தோட்டங்களில் வேலை. ஒரு தோட்டத்துக் கிழவி, புருஷன் செத்தபிறகு கொட்டிலைத் துப்புரவாக்கித் தரச்சொல்லிக் கேட்டாள். சாக்கும் கூடையும் ஏணியும் விலக்க, அடியில் ஒரு சின்ன வாகனம். பின்னேரம் அண்ணை அக்காவையும் என்னையும் கூட்டிப்போனார். அக்காவை, அதைக் காட்டுவதற்கு. என்னை, கிழவியின் ஜேர்மனை விளங்கிக்கொள்ள.

அதற்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சரிவு, ஒரே கண்ணாடி. பக்கவாட்டில் கதவில்லை. மூக்கே கதவு. அதேபோல் பிட்டமும் கதவு. முன்கதவைத் திறந்தால் ஓட்டுகிறவரின் இருக்கை. பின்கதவைத் திறந்தால் இன்னொரு இருக்கை, பின்னால் பார்த்தபடி. இரண்டுக்கும் நடுவில், இரண்டு முதுகுக்கும் இடையில், எஞ்சின். ரோமருடைய இரட்டைமுகத் தெய்வம் ஒன்றின் பேரை அதற்கு வைத்திருந்தார்கள்.

அக்கா ஒருதரம் சுற்றி வந்தாள். பின்கதவைத் திறந்தாள். ஏறி இருந்தாள். கொட்டிலின் இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்சாரும், இறங்குமப்பா. தூசி," என்றார் அண்ணை.

"இருங்கோ."

"பூச்சி பூரான் கிடக்கும்."

"கிடக்கட்டும். நானும் கிடக்கிறன்."

கிழவி சிரித்தாள். புதிதாக வாங்கினபோது தானும் பின்னால் ஏறி ஒருநாள் தேவாலயத்துக்குப் போனாளாம். போய்ச் சேர முதல் வயிற்றைப் பிரட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையெல்லாம் சத்தி. அதற்குப் பிறகு அங்கே ஆப்பிள் கூடைதான் பயணம் செய்தது. "அந்த ஆசனத்தில் இவ்வளவு நேரம் இருந்த முதல் மனிசி உங்கள் அக்காதான்," என்றாள். "ஓடவைக்க ஏலுமென்றால் கொண்டுபோங்கள்."

அந்தக் காரின் கதையை நான் பிறகு தேடித் தேடி அறிந்துகொண்டேன். இரண்டாம் உலகப்போர் முடிந்து, இந்த நாடு விமானம் செய்யக்கூடாது என்று தடை. விமானம் செய்த கைகள் சும்மா இருக்கவில்லை. வானத்துக்குச் செய்த மூக்கையும் கண்ணாடிக் குமிழையும் தரைக்கு இறக்கின. முட்டைபோல ஒன்று, மூன்று சில்லில் ஒன்று, ஒருவர் மடியில் ஒருவர் இருப்பதுபோல ஒன்று. மோட்டார் சைக்கிளில் மழைக்கு நனைந்த சனம் ஒரு கூரைக்கு ஏங்கிய காலம். காருக்குக் கை எட்டவில்லை, கூரைக்கு எட்டியது. அந்த நாளில்தான் ஒரு விமானக்காரரின் மேசையில் இந்த இரட்டைமுகம் பிறந்தது. தெற்கே மோட்டார் சைக்கிள் செய்த ஒரு தொழிற்சாலை அதை வாங்கி, வெளியே விட்டது. விட்டதும் நின்றுபோனது. கொஞ்சக் காலம்தான். சம்பளம் கூடியது, சனம் நாலு கதவுக் காருக்குப் போனது, முட்டைகளெல்லாம் கொட்டிலுக்கும் கோழிக்கூட்டுக்கும் போயின என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியாக இருக்கலாம். எனக்கு வேறு எண்ணம். போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றி, வந்த பாதையைப் பார்த்துக்கொண்டே வா என்று சொல்ல இந்த நாட்டில் எந்தத் தகப்பனுக்கு மனம் வந்திருக்கும்?

ஓட வைத்தார் அண்ணை. ஒரு குளிர்காலம் முழுக்க அவர் நகம் கறுத்துக் கிடந்தது.

முதல் பயணம் கோயிலுக்கு. பழைய பண்டகசாலை ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய கோயில். வாகனத்துக்குப் பூசை என்றதும் ஐயர் தட்டோடு வாசலுக்கு வந்தார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், தேங்காய் உடைத்தார், சில்லுக்கு முன்னால் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார், கற்பூரம் காட்டினார். கண்ணாடிக்குள்ளே அக்கா கண்மூடிக் கும்பிட்டபடி இருந்தாள். "இனி எடுங்கோ அண்ணை, பழத்துக்கு மேலாலை," என்றார் ஐயர். அண்ணை கிளச்சை விட்டார். கார் மற்றப் பக்கமாகப் போனது. எலுமிச்சம்பழம் இரண்டும் முழுசாய், பொட்டோடு, தாரில் கிடந்தன.

சனம் 'ஐயோ' என்றது. ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐயர் பின்பக்கத்துக்குப் பூசை செய்திருந்தார்.

காருக்குள் இருந்து அதைப் பார்த்தது அக்கா மட்டும்தான். கையால் கண்ணாடியைத் தட்டினாள்.

"நிப்பாட்டுங்கோ! பழம் இஞ்சை கிடக்குது!"

"எங்கை?"

"எனக்கு முன்னாலை!"

"உமக்கு முன்னாலை எண்டா எனக்குப் பின்னாலை எல்லே!"

அண்ணை ரிவேர்ஸ் போட்டார். அக்கா "வாங்கோ, வாங்கோ, இடதுபக்கம், அப்பிடியே வாங்கோ" என்று சொல்லச் சொல்ல, கார் பின்னுக்கு ஊர்ந்து வந்து பழங்களை நசித்தது. ஐயர் வியர்வையைத் துடைத்தார். "அம்மாவுக்குத்தான் பூசை செய்தனான் எண்டு வையுங்கோவன்," என்றார். அக்கா இறங்கும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றோரம் போவார்கள். நானும் சிலநாள் பின்னால், அக்காவுக்குப் பக்கத்தில். முதுகு வேகும். எஞ்சின் நடுவில் கத்துவதால் புருஷனும் பெண்சாதியும் ஒருவர் முகம் ஒருவர் பாராமல் கத்திக் கதைப்பார்கள்.

"இஞ்சாருங்கோ, பின்னாலை ஒரு சிவப்புக் கார்."

"வரட்டும்."

"கிட்ட வாறான்."

"வரட்டுமப்பா."

"தலையை ஆட்டுறான்."

"என்னத்துக்காம்?"

"எங்களைப் பாத்துச் சிரிக்கிறான். நானும் சிரிச்சனான்."

"நீர் சிரியும். நான் றோட்டைப் பாக்கிறன்."

அவர்களுக்குள் சண்டையும் அதற்குள்தான். முகம் தெரியாததால் நீளாது. ஆற்றங்கரை வந்து இரண்டு கதவாலும் இறங்கி, சுற்றி வந்து சந்திக்கும்போது இரண்டு பேரும் புதிதாய்க் கண்டவர்கள்போல இருப்பார்கள். "ஜேர்மன்காரரை நேருக்கு நேர் பாக்கிறது இதுக்குள்ளைதான் பிள்ளை," என்பாள் அக்கா. உண்மை. பின்னால் வருகிற ஒவ்வொரு சாரதியின் முகமும் எங்களுக்கு எதிரே இருந்தது. மூக்கு நோண்டுகிறவன், பாடுகிறவன், அழுகிறவள். அக்கா எல்லாருக்கும் கை காட்டினாள். அந்தக் காருக்குள் அவள் ஒருதரமும் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பத் தேவையிருக்கவில்லை.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். தொழிற்சாலையின் பின்புறம், சாப்பாட்டு நேரம். புட்டை உதிர்த்தபடி, ஏதோ பஸ் பிந்தின கதை சொல்வதுபோலச் சொன்னாள்.

"கிழக்கு பேர்லினிலை, ஷோனெஃபெல்ட் எயாப்போட்டிலை இறங்கினனாங்கள். நாலைஞ்சு பேர். ஒருதரை ஒருதர் தெரியாதமாதிரி நடக்கோணும், மேற்கு பேர்லின் பக்கம் ஏறுமட்டும் திரும்பக்கூடாது எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். எனக்குப் பின்னாலை ஒரு பெட்டை. சின்னப் பெட்டை, பதினெட்டு வராது. பிளேனுக்குள்ளை என்ரை கையைப் பிடிச்சபடி வந்தவள். ரயில் ஸ்டேஷன் சுரங்கப் பாதையிலை நடக்கேக்கை 'அக்கா' எண்டாள். ஒருக்கால்தான். எனக்குக் கேட்டது."

புட்டில் சொதியை விட்டாள்.

"நான் திரும்பேல்லை. சொன்னபடி நடந்தன். மேலை ஏறித் திரும்பிப் பாத்தா அவள் இல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. அடுத்த ரயிலிலை வந்திருப்பாள். அவரும் அப்பிடித்தான் சொல்லுறவர். வந்திருப்பாள்தானே." கையை உதறினாள். "மணி அடிக்குது, வா."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போனேன்.

பிறகு அண்ணையின் கண்ணில் பிழை வந்தது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிற வியாதி. இனிக் கார் ஓட்டக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செய்தி எப்படியோ பரவி, பழைய கார் சேர்க்கிற ஒருவர் தெற்கிலிருந்து வந்தார். பண்பான மனிதர். கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டுத்தான் காரைத் தொட்டார். முன்கதவைத் திறந்தார், ஸ்டியரிங்கைத் தடவினார், கண் கலங்கினார். கண்ணாடி மண்டபத்துக்குள் வைத்து ஊருக்குக் காட்டுவேன் என்றார்.

அக்காவும் நானும் நின்ற குசினிக்குள் அண்ணை வந்து மெதுவாகச் சொன்னார். "குடுப்பமப்பா. நிண்டு கறள் பிடிக்கிறதுக்கு."

அக்கா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பின்கதவைத் திறந்து பாத்தவரே?"

"ஆர்?"

"உந்த மனிசன். பின்னாலை ஏறி இருந்து பாத்தவரே?"

"இல்லைப்போலை."

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"அப்ப ஆர் ஓடுறது?"

எங்கள் மூன்று பேருக்கும் கணக்கு விளங்கியது. விற்றால் அந்த ஆசனம் போய்விடும். வைத்திருக்கவேண்டுமென்றால் அவள் ஓட்டவேண்டும். ஓட்டினாலும் அந்த ஆசனம் போய்விடும்.

"என்ன கோதாரி இது," என்றாள் அக்கா. பிறகு, "பின்னாலை நீங்கள் இருங்கோ. அங்கை ஆரும் இருக்கத்தானே வேணும்."

இந்த நாட்டில் ஓட்டப் பழகுகிற எல்லாரும் ஒரு சொல்லுக்குப் பயப்படுவார்கள்: ஷுல்டர்பிளிக். திரும்ப முதல், பாதை மாற முதல், தோளுக்கு மேலால் பின்னால் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் பெயில். அக்கா பார்த்ததற்காகப் பெயிலானாள். பரீட்சையில் இடதுபக்கம் திரும்புமுன் தோளுக்கு மேலால் பார்க்கப் போனவள், பார்வையைத் திருப்பிக்கொண்டுவரவில்லை. கார் தன்பாட்டில் சைக்கிள் பாதையில் ஏறியது. பழக்கியவர், முப்பது வருடமாய் இதே தொழிலாம், தலையில் கைவைத்தார். "எல்லாரிடமும் பின்னால் பாருங்கள் என்று கத்துவேன். முன்னால் பாருங்கள் என்று கத்தியது உங்கள் அக்காவிடம்தான்," என்று என்னிடம் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வேலையில் அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நீ அங்காலை போ. நான் குடுக்கிறன்."

மேற்பார்வைக்காரனுக்கு நம்பமுடியவில்லை. அவள் கொடுக்கிற பக்கம் நின்றாள். நான் வருகிற பக்கம், சூட்டில். ஒரு விரிப்பைக் கொடுப்பாள். இயந்திரத்துக்கு மேலால் குரல் வரும்.

"வருகுதோ?"

"வருகுது அக்கா."

இன்னொன்று.

"வருகுதோ பிள்ளை?"

"ஓமக்கா, வருகுது!"

அன்று முழுக்க, ஒவ்வொரு விரிப்புக்கும் கேட்டாள். எனக்குத் தொண்டை கட்டிப்போனது. ஜேர்மன்காரிகளும் படித்துவிட்டார்கள். நான் களைத்தால் அவர்கள் "வருக்குது!" என்று கத்தினார்கள். கிழமை போகப் போகக் கேள்வி குறைந்தது. இரண்டு விரிப்புக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று. ஒருநாள் காலையிலிருந்து சத்தமே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, தலையை நீட்டிப் பார்த்தேன். அக்கா கையில் இருந்த விரிப்பை மட்டும் பார்த்தபடி கொடுத்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

அடுத்த பரீட்சையில் பாஸ்.

அப்போதுதான் எனக்கு லைப்சிக்கில் வேலை கிடைத்தது. மறுபடி ஓட்டம். ஸ்டேஷனுக்குத் தானே கொண்டுபோய் விடுவேன் என்று அக்கா அடம்பிடித்தாள். ஒரு மழை விட்ட காலை. அவள் முன்கதவைத் திறந்து ஏறினாள். அந்தப் பக்கம் அவள் இருந்து நான் கண்டதில்லை. அண்ணையும் நானும் பின்னால், சூட்கேஸ் எங்கள் முழங்காலில்.

"என்ன வருகுதப்பா?" என்று முன்னாலிருந்து குரல்.

அண்ணை முகத்தைச் சற்றுச் சரித்தார். கண்ணால் அல்ல, காதால் பார்த்தார்.

"ஒரு பஸ். தூரத்திலை."

பஸ் வந்துகொண்டிருந்தது. தூரத்திலல்ல, கிட்டத்தான்.

"இப்ப?"

"ஒரு மோட்டசைக்கிள். போட்டுது."

மோட்டார் சைக்கிள் எதுவும் இல்லை. ஒரு தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் போனாள். அண்ணை என் கையைத் தொட்டார். அவருடைய கண்ணுக்கு எவ்வளவு தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியாத விஷயமல்ல. சந்திக்குச் சந்தி கேட்டாள். அவர் சந்திக்குச் சந்தி சொன்னார். சில சரி, சில அவராகச் செய்தவை. கண்ணாடியிலும் பார்த்தாள், தோளுக்கு மேலாலும் பார்த்தாள், அளவோடு. கார் நேராகப் போனது.

ஸ்டேஷன் வாசலில், சிக்னலுக்குச் சற்று முன்னால் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை நிறுத்தவில்லை. பின்கதவைத் திறந்து இறங்கினேன். அண்ணை கதவைச் சாத்தினார். நீலப் புகை என் காலைச் சுற்றியது. முன்பக்கம் போய்க் கையைப் பிடித்து விடைபெறலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தது, கார் அசையத் தொடங்கியது.

"அக்கா!" என்றேன்.

கார் ஓரடி போய் நின்றது. பக்கத்துச் சின்ன ஜன்னலுக்குள் அவள் கொண்டை தெரிந்தது. அது திரும்பவில்லை.

"நிக்கிறாளோ?" என்று அக்கா கேட்பது கேட்டது.

"நிக்கிறாள்," என்றார் அண்ணை. "கை காட்டுறாள்."

நான் கை காட்டியிருக்கவில்லை. காட்டினேன்.

ஜன்னலால் அக்காவின் குரல் வந்தது, முன்னால் பார்த்தபடி, எஞ்சினுக்கு மேலால் கத்தி.

"கேட்டது பிள்ளை! திரும்ப ஏலாது, பச்சை விழுந்திட்டுது. நீ நிக்கிறாயாம், அவர் சொல்லுறார். நிண்டது காணும், போ!"